ரிட் மனு: கிடப்பில் கிடக்கும் விண்ணப்பத்துக்கு வேலை செய்கிறதா?

வாக்காளர் பதிவு அலுவலர் உங்கள் விண்ணப்பத்தை ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை என்றால், அரசியலமைப்பின் 226-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது கடமையைச் செய்யும்படி அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்கும் மனு, போடுவது பலன் தரும். ஆனால் அங்கே என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

வீடு மாறிய பிறகு அம்மாவின் பெயர் வாக்காளர் பட்டியலின் பழைய பாகத்திலிருந்து போய்விட்டது. புதிய முகவரியில் ஏறவில்லை. பெயர் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த படிவம் 6-க்குப் பதிலே இல்லை. நிராகரித்திருந்தால்கூட நல்லது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்திருக்கலாம். மௌனத்தை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்வது?

வழக்கறிஞர் முதலில் கேட்டது ஒப்புகை அட்டையைத்தான். நினைவூட்டுக் கடிதம் அனுப்பி, அலுவலக முத்திரையோடு திரும்பி வந்த அட்டை. நல்லவேளை, மளிகைக் கடை ரசீதைக்கூட வருடக்கணக்கில் எடுத்துவைக்கும் ஆள் நான். முறையாகக் கேட்டும் அதிகாரி செய்யவில்லை என்று காட்டாவிட்டால் மனு நிற்காது.

விசாரணை சில நிமிடங்களில் முடிந்தது. தேர்தல் ஆணையத் தரப்பு வழக்கறிஞர் அவகாசம் கேட்டார். நீதிபதி அட்டையில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, கோரிக்கை சரியா தவறா என்பதற்குள் போகாமல், குறிப்பிட்ட காலத்துக்குள் சட்டப்படி பரிசீலித்து உத்தரவு பிறப்பிக்கச் சொல்லி வழக்கை முடித்துவைத்தார். “பெயரைச் சேர் என்று சொல்லவில்லையே, இதற்காகவாடா கோர்ட்டுக்குப் போனாய்?” என்றார் அம்மா. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முடிவெடு என்றுதான் நீதிமன்றம் பெரும்பாலும் சொல்லும். இன்ன முடிவை எடு என்று சொல்வது அபூர்வம். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. உத்தரவு நகல் போய்ச் சேர்ந்த பிறகு வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடி சமையல் எரிவாயு ரசீதைப் பார்த்தார், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான் வேலை. பெயர் ஏறிவிட்டது.

பெரிய குறை, நேரம். வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாள் கடந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது. தேர்தல் அறிவிக்கை வந்த பிறகு, தேர்தலில் நீதிமன்றம் தலையிடுவதைத் தடுக்கும் அரசியலமைப்பின் 329(பி) பிரிவும் குறுக்கே நிற்கும். நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி வழக்கில், தேர்தல் நடவடிக்கைக்கு நடுவே ரிட் மனு செல்லாது, தேர்தல் முடிந்த பின் தேர்தல் வழக்குத்தான் போடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1952-லேயே சொல்லிவிட்டது. ஆகவே தேர்தல் பேச்சே இல்லாத மாதங்களில் போடுங்கள்.

செலவில் நீதிமன்றக் கட்டணம் பெரிதில்லை, வழக்கறிஞர் கட்டணம்தான் கையைக் கடிக்கும். இந்த வழிக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். அம்மா இரண்டுக்கு மேல் தரமாட்டார்.