மோட்டார் காம்பாக்டர் வாங்கப் போறீங்களா? டச் ஸ்கிரீனை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க

இடம் பத்தாத ரெக்கார்ட் ரூம் எதுவா இருந்தாலும் கடைசில பேச்சு வந்து நிக்கிறது காம்பாக்டர்லதான். தரையில ரெயில் பதிச்சு அது மேல ரேக் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும், எந்த ரேக் வேணுமோ அதுக்கு முன்னாடி மட்டும் ஒரு சந்து திறக்கும். கையால தள்ளுற மாடல் இருக்கு, கைப்பிடிச் சக்கரத்தைச் சுத்துற மாடல் இருக்கு, பட்டனைத் தட்டினா மோட்டார்ல தானா நகர்ற மாடலும் இருக்கு. இந்த ரிவ்யூ மூணாவதுக்கு, அதுலயும் டச் ஸ்கிரீன், கார்டு, சென்சார், நெட்வொர்க் எல்லாம் சேர்த்து ஸ்மார்ட் கன்ட்ரோல்னு விக்கிறாங்களே அதுக்கு. நான் தினமும் இதுக்குள்ள பெட்டி எடுத்து வச்சு வேலை பாக்கற ஆளு, வாங்குறதுக்கு முன்னாடி பிளான் போட்ட குழுவுலயும் இருந்தேன். கம்பெனி பேர் சொல்லல, இங்க எழுதறது எந்தக் கம்பெனி சிஸ்டத்துக்கும் பொருந்தும்.

முதல்லயே சொல்லிடறேன், பொருள் நல்ல பொருள். சரியான இடத்துல, சரியா பிளான் பண்ணிப் போட்டா பழைய ரேக்குக்குத் திரும்பிப் போக மனசே வராது. ஆனா டெமோவுல எல்லாரும் ஸ்கிரீனைத் தொட்டு சந்து திறக்கறதைத்தான் காட்டுவாங்க, அது எல்லாக் கம்பெனியிலயும் அழகாத்தான் திறக்கும். நீங்க கேக்க வேண்டியது வேற. ரூம்ல யாருமே இல்லாத ராத்திரில இது என்ன பண்ணும், கரண்ட் போனா என்ன பண்ணும், ஃபயர் அலாரம் அடிச்சா என்ன பண்ணும், உள்ள ஒருத்தர் தரையில உக்காந்து அடித்தட்டுல தேடிட்டு இருக்கும்போது வெளிய இன்னொருத்தர் பட்டனை அழுத்தினா என்ன பண்ணும். இதுக்குப் பதில் சொல்ற விதத்துலயே சிஸ்டத்தோட தரம் தெரிஞ்சிடும்.

இடம் மிச்சமாகுதான்னா நிச்சயமா ஆகுது. ரெண்டு பக்கமும் அடுக்குற ரேக் ஒண்ணு 80 செ.மீ ஆழம், சந்து 90 செ.மீன்னு வச்சுக்கோங்க. சாதாரண ரேக் பத்து போட்டா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சந்து விடணும், 17 மீட்டர் நீளம் போயிடும். அதே பத்தை நகர்ற மாதிரி போட்டா 8 மீட்டர் ரேக்கும் ஒரே ஒரு சந்தும்தான், 9 மீட்டருக்குள்ள முடிஞ்சிடும். பாதி இடம் மிச்சம்னு அவங்க சொல்றது பொய் இல்ல.

ஆனா அந்த மிச்சத்தோட மறுபக்கம் வெயிட். இத யாரும் முதல் மீட்டிங்ல பேச மாட்டாங்க. பெட்டியில போட்ட பேப்பர் ஃபைல் ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 50 கிலோன்னு கணக்கு வைங்க. 6 மீட்டர் நீள ரேக், ரெண்டு பக்கம், ஏழு தட்டுன்னா 84 மீட்டர், 4,200 கிலோ பேப்பர் மட்டும். அது நிக்கிற இடம் 5 சதுர மீட்டர் கூட இல்ல. இரும்பையும் சேர்த்தா சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 கிலோ வந்துடும், அதுவும் எல்லா ரேக்கும் ஒட்டி நிக்கிறதால அந்த பாரம் நடுவுல இடைவெளியே இல்லாம இறங்குது. சாதாரண ஆபீஸ் மாடியை சதுர மீட்டருக்கு 250 கிலோ அளவுக்குத்தான் டிசைன் பண்ணியிருப்பாங்க. பழைய பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு பிஎஸ் 6399ல இந்த மாதிரி நகர்ற புத்தக ரேக்குக்குன்னே தனி வரி இருக்கு, ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சதுர மீட்டருக்கு 4.8 கிலோநியூட்டன் (சுமார் 490 கிலோ பாரம்), எப்படிப் பார்த்தாலும் 9.6க்கு (சுமார் 980 கிலோ) குறையக் கூடாதுன்னு. அதனால ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாம கொட்டேஷனே வாங்காதீங்க, ரேக் விக்கிறவர் தளம் தாங்கும்னு வாயால சொல்றது கணக்குல வராது.

இன்னொண்ணு, தளம் உடையாம தாங்கினா மட்டும் போதாது, வளையாமலும் இருக்கணும். காலி ரூம்ல லெவல் பார்த்து ரெயில் போடுவாங்க, பெட்டி எல்லாம் ஏறினதும் தளம் நடுவுல கொஞ்சம் இறங்கும், அப்ப ரேக் தானா அந்தப் பக்கம் சாய்ஞ்சு நகரப் பாக்கும், மோட்டார் எப்பவும் மல்லுக்கட்டிக்கிட்டே இருக்கும், சக்கரம் ஒரு பக்கமா தேயும். லோடு ஏறின பிறகு எவ்வளவு இறங்கும்னு இன்ஜினியர்கிட்ட மில்லிமீட்டர்ல எழுதி வாங்கி அதை ரேக் கம்பெனிகிட்ட குடுங்க. ரெயிலை கான்கிரீட்டுக்குள்ள தரையோட தரையா பதிக்க முடிஞ்சா அதுதான் பெஸ்ட். முடியாம தரை மேல பலகை மேடை போட்டா வாசல்ல சாய்வுப் பாதை வேணும், அந்தச் சாய்வுல லோடு ஏத்தின டிராலி தள்ளுறவங்க இடுப்பையும், சக்கர நாற்காலில வர்றவங்களையும் மனசுல வச்சு சரிவு குறைவா நீளமா போடச் சொல்லுங்க.

சந்து எத்தனைன்னு முடிவு பண்றதுலதான் நிறைய இடத்துல சொதப்புது. ஒண்ணா ஒட்டி நகர்ற ரேக் தொகுப்பைத்தான் பிளாக்னு சொல்றேன், ஒரு பிளாக்குக்கு ஒரே சந்துன்னா ஒரே நேரத்துல ஒருத்தர்தான் அந்த பிளாக்ல வேலை பாக்க முடியும், அவரு நிதானமா நாலு பெட்டியைப் பிரிச்சுப் பார்த்துட்டு இருந்தா மத்தவங்க வெளிய நின்னுட்டே இருக்கணும். மோட்டார் எவ்வளவு வேகமா இருந்தாலும் இதுக்கு உதவாது. அதனால அடிக்கடி எடுக்கிற ஃபைல் எது, வருஷத்துக்கு ஒரு தடவை கூட தொடாதது எதுன்னு எடுப்பு ரிஜிஸ்டரைப் பார்த்துப் பிரிச்சு, அடிக்கடி எடுக்கிறதை சின்னச் சின்ன பிளாக்கா போடுங்க இல்லன்னா நகராத ரேக்லயே விடுங்க, தூங்குற ஃபைலை மட்டும் நீளமான பிளாக்ல அடைங்க. சந்து அகலமும் டிராலியை வச்சு அளந்து பாருங்க, 90 செ.மீ ஆள் போக போதும், ஆனா டிராலியும் பக்கத்துல ஆளும் நிக்கணும்னா பத்தாது.

இப்ப சேஃப்டி. டன் கணக்குல இரும்பும் பேப்பரும் மனுஷன் நிக்கிற இடத்தை நோக்கி தானா வர்ற மெஷின் இது, இதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். ஐரோப்பால இதுக்குன்னே ஈஎன் 15095னு ஒரு பாதுகாப்பு ஸ்டாண்டர்டு இருக்கு, உங்க டெண்டர்ல அதை எழுதிடுங்க. சென்சார்ல பொதுவா மூணு அடுக்கு வரும். ரேக்கோட அடியில முழு நீளத்துக்கும் ஒரு பட்டை, கால் பட்டா உடனே நிக்கும். சந்தை ஒட்டி கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர், அது மறைஞ்சா நகராது. மூணாவது மோட்டார் இழுக்கிற கரண்ட் திடீர்னு ஏறினா நின்னுடும். இதுல கதிர் வாசல்ல மட்டும் இருக்கிற சிஸ்டத்தை நான் நம்ப மாட்டேன், ஏன்னா அது உள்ள போறவங்களையும் வர்றவங்களையும் எண்ணித்தான் சந்து காலியான்னு முடிவு பண்ணுது, ரெண்டு பேர் ஒட்டி நுழைஞ்சா ஒருத்தர்னு எண்ணிடலாம். சந்தோட முழு நீளத்துக்கும், முட்டிக்குக் கீழ, கதிரோ பட்டையோ இருக்கணும். சந்து திறந்ததும் தானா லாக் ஆகணும், உள்ள போனவங்க வெளிய வந்து பார்த்துட்டு ரீசெட் அழுத்தினாத்தான் அடுத்தது நகரணும். தானா மூடிக்கிற ஆட்டோ குளோஸ் வசதி இருந்தா ஆள் இருக்கிற நேரத்துல அதை ஆஃப் பண்ணி வைங்க.

இந்த சென்சார் எதுவும் பாக்காத ஒண்ணு இருக்கு, தட்டுல இருந்து வெளிய நீட்டிட்டு இருக்கிற பெட்டி. கால் மட்டத்துல இருக்கிற பட்டைக்கு நெஞ்சு உயரத்துல நீட்டிட்டு இருக்கிறது தெரியாது, எதிர் ரேக்குல அழுந்தின பிறகுதான் மோட்டார் நிக்கும், அதுக்குள்ள பெட்டி மூலை நசுங்கியிருக்கும், உள்ள இருக்கிற தாளும் சேர்ந்துதான். அதனால ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட இருக்கிற ஆகப் பெரிய பெட்டியை அளந்து தட்டு ஆழத்தை அதுக்கு மேல வைங்க, பின்னாடி தடுப்பும் கேளுங்க. மேப், பெரிய பிளான் எல்லாம் தட்டையா வைக்கிற டிராயருக்குப் போகட்டும். பழைய போட்டோவோட கண்ணாடி நெகட்டிவ் இருக்கிறவங்க அதை நகர்ற ரேக்ல வைக்கவே வேணாம்னுதான் நான் சொல்லுவேன், மெதுவா கிளம்பி மெதுவா நிக்கிற வசதி இருந்தாலும் தினமும் அசையுற இடம் அதுக்கு ஆகாது.

தீ விஷயத்துக்கு வர்றேன். 1973 ஜூலைல அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல ராணுவ ஊழியர்களோட ஆவணங்களை வச்சிருந்த கட்டிடத்துல தீப்பிடிச்சு 1 கோடியே 60 லட்சத்துல இருந்து 1 கோடியே 80 லட்சம் ஃபைல் வரைக்கும் அழிஞ்சு போச்சு, முழுசா அணைக்க நாலு நாளுக்கு மேல ஆச்சு, ஆவணம் வச்சிருந்த தளத்துல தீப்பிடிச்சா மேல இருந்து தானா தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்ளரே கிடையாது. மிஞ்சினது தண்ணில ஊறி அதைக் காய வச்சு பூஞ்சையில இருந்து காப்பாத்துறதே பெரிய வேலையா போச்சு. ஒவ்வொரு ஃபைலும் ஒருத்தரோட பென்ஷனுக்கும் உரிமைக்கும் ஆதாரம், அதை நினைச்சா இன்னமும் மனசு கனக்குது. காம்பாக்டர்ல ஸ்பிரிங்க்ளர் இருந்தாலும் ஒரு சிக்கல், ரேக் எல்லாம் ஒட்டி மூடியிருந்தா மேல இருந்து கொட்டுற தண்ணி நடுவுல எரியற இடத்துக்குப் போகாது, தண்ணிக்குப் பதிலா கேஸ் விட்டு தீயை அணைக்கிற சிஸ்டமா இருந்தாலும் அப்படித்தான். இதுக்குத்தான் ஃபயர் பார்க் மோடு, அலாரம் சிக்னல் வந்ததும் எல்லா ரேக்கும் சமமா இடைவெளி விட்டு விலகி நிக்கும். மோட்டார் மாடல் வாங்குறதுக்கு எனக்கு ஒரே காரணம் சொல்லுன்னா இதைத்தான் சொல்லுவேன். ஆனா ரெண்டு கேள்வி கேட்டே ஆகணும். அலாரம் அடிச்சா உங்க கட்டிடத்துல கரண்ட் கட் ஆகுற மாதிரி வயரிங் இருக்கா, இருந்தா இந்த ரேக் எந்த கரண்ட்ல விலகும், பேட்டரி பேக்கப் இருக்கா. அப்புறம் விலகும்போது உள்ள ஆள் இருந்தா சேஃப்டி சென்சார் அப்பவும் வேலை செய்யுதா. இடைவெளி எவ்வளவுன்னு ஃபயர் இன்ஜினியர் முடிவு பண்ணட்டும், ரேக்கோட மேல்தட்டுக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் நடுவுல குறைஞ்சது 45 செ.மீ காலி இடத்தையும் பிளான்லயே குறிச்சிடுங்க, பெட்டி அடுக்குறவங்க அதை நிரப்பிடுவாங்க.

அதே மாதிரி ராத்திரி. மூடி ஒட்டி நிக்கிற ரேக்குக்கு நடுவுல காத்து ஓடாது. ரூம் சுவத்துல மாட்டின மீட்டர் 50 சதவீத ஈரப்பதம்னு காட்டும், எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க, நடு ரேக்கோட அடித்தட்டுல வேற நிலைமை இருக்கும். 65 சதவீதத்துக்கு மேல கொஞ்ச நாள் நீடிச்சாலே பூஞ்சைக்கு வழி. பேப்பர், பார்ச்மென்ட் (எழுதறதுக்குப் பதப்படுத்தின தோல்) மாதிரி ஆவணத்துக்கு 13ல இருந்து 20 டிகிரி, 35ல இருந்து 60 சதவீதம்னு வழிகாட்டுதல் இருக்கு, அதை பிளாக்குக்கு உள்ள அளக்கணும். நல்ல சிஸ்டத்துல ராத்திரி வேலை நேரம் முடிஞ்சதும் எல்லா சந்தையும் கொஞ்சம் கொஞ்சம் திறந்து விடுற டைமர் இருக்கு, இது எங்களுக்கு ரொம்ப ரொம்ப உதவியா இருக்கு, காலைல உள்ள போகும்போது அந்த அடைச்ச வாடை இல்ல. வெளிச்சுவரை ஒட்டி ரேக் போடாதீங்க, அடித்தட்டு தரையில இருந்து 15 செ.மீயாவது மேல இருக்கட்டும், தண்ணி புகுந்தா முதல்ல நனையறது அதுதான்.

ஸ்மார்ட் பகுதில எனக்குப் பிடிச்சது கார்டு லாகினும், யாரு எப்ப எந்தச் சந்தைத் திறந்தாங்கன்ற பதிவும். ரகசிய ஃபைல் இருக்கிற ரேக்கை குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் திறக்க வைக்கலாம். கேட்டலாக்ல தேடின உடனே அந்தச் சந்து தானா திறக்கிற வசதியும் டிராலியோட போறவங்களுக்கு நல்லா இருக்கு, ஆனா அதுக்கு ரேக், பக்கம், பகுதி, தட்டுன்னு இடக் குறியீடு ஒவ்வொரு பெட்டிக்கும் சுத்தமா இருக்கணும், அந்த வேலையை கம்பெனி செய்யாது, நாமதான் செய்யணும். ரூமைப் பாக்காம தூரத்துல இருந்து சந்து திறக்க வைக்கிறதுக்கு நான் எதிர்ப்பு, குறைஞ்சபட்சம் ரூமுக்குள்ள வந்து கார்டு காட்டினாத்தான் நகரணும்.

ஸ்கிரீனும் கன்ட்ரோல் போர்டும் இரும்பு நிக்கிற காலம் வரைக்கும் நிக்காது. நடுவுல இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் படுத்தா மொத்த ரூமும் பூட்டிக்கிற டிசைனை வாங்காதீங்க, ஒவ்வொரு ரேக்கிலயும் தனி பட்டன் இருக்கணும், அது நெட்வொர்க் இல்லாமலும் வேலை செய்யணும். ஆபீஸ் நெட்வொர்க்கோட கலக்காம தனியா வைங்க, கம்பெனி வெளிய இருந்து உள்ள வந்து ரிப்பேர் பாக்கற வழியை தேவைப்படும்போது மட்டும் திறங்க. உதிரி பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க.

யாருக்கு இது வேணாம்னா, நாலஞ்சு சின்ன ரேக், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு பெட்டி எடுக்கிற இடம்னா கைச்சக்கர மாடலே தாராளம், கியர் இருக்கிறதால பெரிய பாரத்தையும் ஒரு கையால நகர்த்தலாம், கெட்டுப் போக எலக்ட்ரானிக்ஸ் இல்ல. ரேக் நீளம், பாரம் அதிகம், நாள் பூரா எடுப்பு, இல்ல தீயும் காத்தும் பெரிய கவலைன்னா மோட்டாருக்குப் போங்க.

போனா, ஒப்படைக்கிற அன்னிக்கு காலி ரேக்கை ஓட்டிக் காட்ட விடாதீங்க. முழு லோடு ஏத்தச் சொல்லுங்க. மெயின் சுவிட்ச்சை அணைச்சுட்டு கையால சுத்தி ஒரு சந்தைத் திறக்கச் சொல்லுங்க, உங்க ஸ்டாஃப்ல ஆக ஒல்லியானவங்களையே சுத்தச் சொல்லிப் பாருங்க. அலாரம் சிக்னல் குடுத்து எல்லா ரேக்கும் விலகுதான்னு பாருங்க, அப்படி விலகும்போது அடித்தட்டு உயரத்துல ஒரு காலி அட்டைப்பெட்டியை சந்துல வச்சு அதைத் தொடுறதுக்கு முன்னாடி நிக்குதா, நசுக்கிட்டு நிக்குதான்னு பாருங்க. நசுக்கினா கடைசி பேமென்ட்டை நிறுத்தி வைங்க.