அப்பாவின் லென்ஸுக்கு ஒரு கேமரா

கேமரா வாங்குவதென்றால் கேனனா, நிக்கானா என்று மூன்று வாரமாக நான் போட்டிருந்த கணக்கையெல்லாம் அலமாரியில் கிடந்த ஒரு பழைய லென்ஸ் கலைத்துவிட்டது. பிலிம் காலத்தில் அப்பா வைத்திருந்த நிக்கான் 50 மி.மீ. எஃப்1.8, தானாக ஃபோகஸ் பிடிக்கும் பழைய ஏஎஃப்-டி வகை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் பூஞ்சை இல்லை.

அதுவரை மனம் கேனன் 200டி பக்கம்தான் சாய்ந்திருந்தது. திரையைப் பார்த்தபடி எடுத்தாலும் சட்டென்று ஃபோகஸ் பிடிக்கும். திரையை வெளியே இழுத்துத் திருப்பிக்கொள்ளலாம். வீடியோதான் முக்கியம் என்பவர்களுக்கு இன்றும் அதையே சொல்வேன். பென்டாக்ஸ் கே-70ல் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் லென்ஸ் இரவல் கேட்க ஒரு பென்டாக்ஸ்காரரைக்கூட எனக்குத் தெரியாது.

நிக்கான் என்று ஆனதும் கைக்கு அடக்கமான டி3500ஐ எடுத்திருப்பேன். நல்லவேளை, விசாரித்தேன். இந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது. கேமராதான் அதைச் சுழற்ற வேண்டும். டி3500, டி5600 இரண்டிலும் அந்த மோட்டார் இல்லை. லென்ஸ் பொருந்தும், ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும். 2015ல் வந்த டி7200ன் மவுண்டில், அதாவது லென்ஸை மாட்டும் வளையத்திலோ ஸ்க்ரூடிரைவர் முனைபோல ஒன்று எட்டிப் பார்க்கிறது. லென்ஸின் பின்புறக் காடியில் போய் உட்காருகிறது. ஒருவர் பயன்படுத்திய டி7200ஐ வாங்கிக்கொண்டேன். (கேனனில் இந்தத் தலைவலியே இல்லை. 1987ல் இஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். அந்தப் புது மவுண்டில் பொருந்தாத பழைய எஃப்டி லென்ஸ் வைத்திருந்தவர்கள் அன்று என்ன சொல்லித் திட்டினார்களோ!)

முதல் நாள் லென்ஸை மாட்டியதும் 'எஃப்இஇ' என்று கேமராவில் ஒரு பிழைக்குறி மின்னியது. வயிறு கலங்கிவிட்டது. "வளையத்தை 22ல் பூட்டினாயா?" என்றார் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. லென்ஸின் துளை வளையத்தை மிகச் சிறிய துளையான 22ல் பூட்டினேன், அடங்கியது. பொத்தானைப் பாதி அழுத்தினால் 'கர்ர்' என்று லென்ஸ் ஓடி நிற்கிறது. தூங்கும் பூனை காதைத் திருப்புகிறது. துளையை எஃப்2.8ல் வைத்தால் அதன் மீசை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

குறைகளும் உண்டு. பேட்டரியோடு 765 கிராம், கழுத்து சொல்லிவிடும். திரை அசையாது, திரை வழியாக ஃபோகஸ் செய்வது மந்தம். படம் பதியும் சென்சார் பிலிமைவிடச் சிறியது என்பதால் 50 மி.மீ., 75 மி.மீ. போலக் காட்டுகிறது, அறைக்குள் சுவரோடு ஒட்டி நின்றால்தான் முழு ஆளும் அடங்குகிறார். அடுத்து ஒரு 35 மி.மீ. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.