முழு விலங்கா, தனி நரம்பா?

நரம்புகளில் சேதி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனின், ஓட்டுடலிகளின் (இறால், நண்டு போன்றவை) இயக்க நரம்பணுக்களை, அதாவது தசைக்கு ஆணையிடும் நரம்பணுக்களை, என்ன செய்கிறது? ஆய்வுக்கூடத்துக்குள் புதிதாக நுழைபவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான்: ஊசியை உயிருள்ள விலங்குக்குப் போடுவதா, நரம்புத்தண்டைப் பிரித்தெடுத்து உப்புக் கரைசலில் வைப்பதா?

கண்ணுக்குத் தெரிவது
முழு விலங்கு: சிங்கி இறாலுக்குச் செரோடோனின் ஏற்றினால், கால் நுனிகளில் எழும்பி நின்று, கொடுக்கை விரித்து, வாலை அடியில் மடக்கிக்கொள்ளும். சண்டைக்கு வரும் ரவுடி மாதிரி! ஆக்டோபமைன் என்ற இன்னொரு நரம்பு வேதிப்பொருளை ஏற்றினால் நேர் எதிர். கால்களும் வாலும் நீண்டுவிடும்.
தனி நரம்பு: காரணம் இங்கேதான் பிடிபடும். செரோடோனின் பட்டதும், மடக்கும் தசையைத் தூண்டும் நரம்பணுக்களும், நீட்டும் தசையை அடக்கும் நரம்பணுக்களும் சேர்ந்தே வேகமெடுக்கின்றன. 1980-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது.

செலவு
முழு விலங்கு: தொட்டி, ஊசி, கேமரா.
தனி நரம்பு: மின்முனை, மின்குறிப்புப் பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்), நுண்ணோக்கி. பை காலி.

கைப்பழக்கம்
முழு விலங்கு: ஓரிரு நாளில் வரும்.
தனி நரம்பு: முதல் சில நரம்புகளை அறுத்துத் தொலைக்காமல் யாரும் தேறியதில்லை.

நரம்பணு மட்டத்தில் காரணம் வேண்டுமா, தனி நரம்பு. சண்டை, யார் பெரியவன் என்ற படிநிலை பற்றிய கேள்வியா, முழு விலங்கில் தொடங்குங்கள். சிங்கி இறாலின் நன்னீர் உறவினரான கிரேஃபிஷின் தப்பியோடும் நரம்புச் சுற்றில் செரோடோனின் ஆதிக்க விலங்குக்குத் தூண்டல், அடங்கிய விலங்குக்குத் தடை என்று 1996-இல் தெரியவந்தது. சண்டையில் யார் ஜெயித்தது என்று பார்க்காமல் நரம்பை எடுத்திருந்தால் அது வெறும் குழப்பமான தரவுதான்.