நாலு கமரா, மூன்று மாரி

2022 தைப்பொங்கலுக்கு முதல் கிழமை யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டில் நாலு கமரா பூட்டினோம். காசு ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா அனுப்பியது, அலைச்சல் என்னுடையது. ஆவணியில் நல்லூர்த் திருவிழா தொடங்கினால் 25 நாளும் அம்மா கோயிலில்தான். தேரன்று வீட்டுக்குக் காவல் பூட்டு மட்டும்தான். ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளிக் கிணற்று மோட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அண்ணாவுக்கு அங்கே நித்திரை இல்லை. அதுதான் தொடக்கம்.

கமரா வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பிராண்ட் நல்லது?" அதற்கு என்னிடம் பெரிய பதில் ஒன்றும் இல்லை. வாங்கிய நாலும் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கின்றன. இந்த மூன்று வருடத்தில் எனக்கு வந்த தலையிடி எல்லாம், பூட்ட வந்த பெடியன் முதல் நாள் இரண்டு மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போன வேலையிலிருந்துதான் வந்தன. ஆளின் பெயரோ கடையின் பெயரோ இங்கே வேண்டாம். நல்ல பெடியன், அவசரக்காரன்.

எங்களுடையது நெட்வேர்க் கமரா. ஒவ்வொன்றும் 4 மெகாபிக்செல், 2.8 மில்லிமீற்றர் லென்ஸ். ஒரே கேபிளில் படமும் கரண்டும் போகிற பி.ஓ.இ. முறை. கமராவுக்குப் பக்கத்தில் பிளக் பொயின்ற் தேவையில்லை. கேபிளின் நீளம் 100 மீற்றருக்குள் இருந்தால் போதும். ஒன்று படலைக்கு, ஒன்று விறாந்தைக்கு, ஒன்று வீட்டின் பக்கவாட்டுக்கு, கடைசி ஒன்று பின் வளவில் மோட்டர் கொட்டிலுக்கு.

அந்தக் கொட்டில் கமராதான் முதலில் வேலை காட்டியது. பகல் முழுக்க ஒழுங்காக இருக்கும். பின்னேரம் ஆறரை ஆனதும் படம் போய்விடும், ஒரு நிமிடத்தில் வரும், திரும்பப் போகும். பெடியனுக்குப் போன் எடுத்தால், "அண்ணை, பனிக்கு அப்பிடித்தான் செய்யும், கொஞ்ச நாள் பாருங்கோ" என்றான். மாசி முடிந்து பனியும் போனது, கமரா மட்டும் திருந்தவில்லை. பிறகுதான் விளங்கியது: இருட்டியதும் கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், அப்போது அது இழுக்கிற கரண்ட் கூடும். கொட்டிலுக்குப் போன 60 மீற்றர் கேபிளால் அவ்வளவைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. மிச்சத் துண்டு ஒன்றை எடுத்து பிளேட்டால் கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செப்பு முலாம் பூசிய அலுமினியம். செம்பை விட அலுமினியத்தின் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். கிட்டத்தில் இருந்த மூன்று கமராவும் அதைத் தாங்கின, தூரத்தில் இருந்தது தாங்கவில்லை. அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் முழுச் செப்புக் கேபிள் வாங்கி மாற்றினேன். அன்றோடு பனிக் கோளாறு நின்றது.

கேபிள் வாங்கும்போது கடையிலேயே நுனியைச் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

படலைக் கமராவில் வேறு பிரச்சினை. 2.8 லென்ஸ் 100 பாகை அளவில் அகலமாகக் காட்டும். படம் அழகாக இருக்கும், முழு முற்றமும் தெரியும். ஆனால் விறாந்தைத் தூணிலிருந்து 15 மீற்றர் தள்ளிப் படலையில் நிற்பவரை ஆள் என்று சொல்லலாம், ஆர் என்று சொல்ல முடியாது. முன்பின் தெரியாத முகத்தை அடையாளம் காண ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்செல் வேண்டும் என்பது இந்தத் துறையில் வைத்திருக்கிற அளவு. எங்கள் கமரா அந்தத் தூரத்தில் தந்தது எழுபது சொச்சம். வேறு லென்ஸ் வாங்காமல் கமராவையே கழற்றி, படலைக்கு 4 மீற்றர் உள்ளே மதிலோரத்தில் ஒரு இரும்புக் குழாய் நட்டுப் பூட்டினேன். இப்போது தபால்காரர் சிரித்தாலும் தெரிகிறது.

அடுத்தது எனக்கு உண்மையாகவே கோபம் வந்த விஷயம். அண்ணாவின் போனில் கமராவைச் சேர்க்கப் போனால், "இந்தக் கருவி ஏற்கெனவே வேறொரு கணக்கில் இருக்கிறது" என்று வந்தது. பூட்டிய பெடியன் தன்னுடைய போன் நம்பரில் திறந்த கணக்கிலேயே கமராப் படங்களைச் சேமிக்கிற எங்கள் பதிவுப் பெட்டியையும் சேர்த்திருக்கிறான். எங்களுக்குத் தந்தது அதிலிருந்து பகிர்ந்த ஒரு பார்வை மட்டும். அதாவது இரண்டு மாதமாக எங்கள் விறாந்தையை அவன் நினைத்த நேரம் பார்த்திருக்கலாம். பார்த்தான் என்று நான் சொல்லவில்லை. பார்க்க முடியும் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அவனைக் கூப்பிட்டுக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, பெட்டியை றீசெற் பண்ணி, எல்லாவற்றையும் என் மின்னஞ்சலில் முதலிலிருந்து தொடங்கினேன். பாஸ்வேட் என்னவாக இருந்தது தெரியுமோ? அட்மின், பிறகு 12345. ஊரில் அவன் பூட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் அதுவாகத்தான் இருக்கும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2016 இல் மிராய் என்கிற தீய நிரல் இணையம் முழுக்கத் தேடிப் பிடித்தது இப்படிப்பட்ட கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும்தான். அதனிடம் இருந்த ஆயுதம், தொழிற்சாலையில் போட்டு வருகிற அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேட் சோடிகள் மட்டுமே. அந்த வருடம் ஒக்டோபர் 21 இல் இணையத்தளப் பெயர்களுக்கு முகவரி தேடிக் கொடுக்கிற டைன் என்ற நிறுவனத்தின் மீது அவற்றை ஏவி, ருவிற்றரையும் நெற்ஃபிளிக்ஸையும் அமெரிக்காவில் பல மணி நேரம் திறக்க முடியாமல் செய்தார்கள். பாஸ்வேட் மாற்றாத வீட்டுக் கமராக்கள் செய்த வேலை அது. நான் பாஸ்வேட்டை மாற்றியதோடு ரவுட்டரில் யூ.பி.என்.பி. என்பதையும் நிறுத்தினேன். அது திறந்திருந்தால் உள்ளே இருக்கும் கருவி எங்களைக் கேட்காமலே வெளியிலிருந்து வர ஒரு வழியைத் திறந்துவிடும். ரவுட்டரில் கமராவுக்கு நேரே போர்ட், அதாவது வெளியிலிருந்து வரும் வழி, திறந்துவிடச் சொல்லும் பழைய வழிகாட்டல்களைப் பின்பற்றவேண்டாம். வெளிநாட்டிலிருந்து பார்க்க, உற்பத்தியாளரின் செயலி போதும்.

நேரம் பிழைத்த கதை சிரிப்பு. ஒரு நாள் இரவு ஏழு மணியளவில் ஒழுங்கை முகப்பில் இரண்டு மோட்டார் சைக்கிள் முட்டிக்கொண்டன. பெரிய காயம் இல்லை, ஆனால் ஆர் பிழை என்று வாக்குவாதம். அடுத்த நாள் இரண்டு பக்கத்தாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் பெருமையோடு ஏழு மணிப் பதிவைத் திறந்தால் நல்ல வெயில். ஒழுங்கையில் ஆடு நிற்கிறது. பெட்டி சீன நேரத்திலேயே இருந்திருக்கிறது, கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னால். நாங்கள் ஐந்தரை. இரண்டரை மணித்தியாலம் தள்ளி, ஒன்பதரையில் தேடியபோதுதான் விபத்து கிடைத்தது. நேர வலயத்தை அன்றைக்கே திருத்தினேன், இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் வசதியையும் போட்டேன். பிறகு ஒரு சித்திரையில் அண்ணா தன் போனில் எதையோ தட்டி, "போன் நேரத்தை எடு" என்று கொடுத்துவிட்டார். எங்கள் காலை பத்து மணி, பெட்டியில் நள்ளிரவு பன்னிரண்டரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அண்ணாவின் கணக்குக்குப் பார்க்கும் உரிமை மட்டும்தான். அமைப்புகளுக்குள் போக முடியாது. அவருக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்.

பதிவுப் பெட்டியின் ஹார்ட் டிஸ்க் 1 ரெறாபைற், அதாவது 1000 ஜிபி. "ஒரு மாதம் நிற்கும்" என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கமரா விநாடிக்கு 2 மெகாபிற் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, நாலுக்கும் 86 ஜிபி. பதினொரு நாளில் டிஸ்க் நிறைந்து பழையதை அழிக்கத் தொடங்கும். வாங்கும்போது இருந்தபடி 4 மெகாபிற்றில் விட்டிருந்தால் ஐந்தரை நாள்தான். படத்தைக் கூடச் சுருக்குகிற எச்.265 முறைக்கு மாற்றி 2 மெகாபிற் ஆக்கினேன், படத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சின்னப் படம், அதாவது சப் ஸ்ட்ரீம் போதும். அண்ணா ஆரம்பத்தில் நாலு கமராவையும் முழுத் தரத்தில் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். மணிக்கு 3.6 ஜிபி. அப்போது எங்களிடம் இருந்தது 4ஜி ரவுட்டர். மாதம் பாதியிலேயே டேற்றா முடிந்து, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வட்ஸ்அப் இல்லை.

எச்சரிக்கைச் செய்திகளைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் கிழமை ஒரே இரவில் 200 ஐத் தாண்டியது. முருங்கைக் கொப்பு ஆடினால் ஒன்று, ஒழுங்கை நாய் போனால் ஒன்று. மிச்சம் சிலந்தி. கமராவின் விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை பின்னும். அகச்சிவப்பு வெளிச்சத்தில் அந்த ஒரு நூல் வெள்ளைக் கயிறு மாதிரித் தெரியும். காற்று அசைத்தால் கள்ளன் வந்துவிட்டான் என்று போன் அலறும். மனிதர்களை மட்டும் கண்டுபிடிக்கும் வசதியைப் போட்டு, படலையையும் முற்றத்தையும் மட்டும் கோடு கீறிக் கொடுத்த பிறகு இரவுக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. சிலந்திக்கு இன்றைக்கும் மருந்து தும்புத்தடிதான், மாதம் ஒரு தரம். விறாந்தையில் ரியூப் லைற் எரியும்போது படத்தில் கோடு கோடாக ஓடினால், அமைப்பில் 60 ஹேர்ட்ஸ் இருக்கும். 50 க்கு மாற்றுங்கள், எங்கள் கரண்ட் 50.

பூட்டி மூன்றாம் மாதம் பக்கத்து வீட்டு அன்ரி படலைக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"தம்பி, உந்தக் கொட்டில் கமரா எங்கட கிணத்தடியையும் பாக்குதோ?"

"இல்லை அன்ரி, எங்கட வளவு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, போனைத் திறந்து காட்டினேன். படத்தின் வலது மூலையில், மதிலுக்கு மேலால், அவர்களின் கிணற்றுக் கட்டும் கொடியில் காயப்போட்ட உடுப்பும் நல்லாகவே தெரிந்தன. நான் அதுவரை கவனித்ததே இல்லை. அன்ரி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது பேசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கே ஏணி வைத்து ஏறிக் கமராவைக் கீழே திருப்பினேன். அப்போதும் மதில் விளிம்பு தெரிந்ததால், கமராவின் அமைப்பில் அந்த மூலையை மறைக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றும் போட்டேன். இது பார்க்கிற திரையில் மட்டும் வருகிற மறைப்பு இல்லை, பதிவிலேயே அந்தப் பகுதி கறுப்பாகத்தான் விழும். பிறகு திறந்து பார்க்க முடியாது. அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். யாழ்ப்பாணத்தில் கமரா பூட்டுகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டவேண்டும் என்பது என் கருத்து. கிணத்தடி தெரிகிறதா என்று நாங்கள் பார்க்கும் கண் வேறு, அங்கே குளிக்கிறவர்கள் பார்க்கும் கண் வேறு.

கரண்ட் கதை 2022 இல் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டு. கடையில் தந்த சின்ன யூ.பி.எஸ். ஒரு மணித்தியாலத்தில் கையை விரித்தது. நாலு கமராவும் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 40 வாட் அளவுதான் எடுக்கும், அதனால் 100 ஆம்பியர் மணி பற்றரியும் ஒரு இன்வேட்டரும் போட்டால் இரவு தாங்கும். நான் அதை வாங்கப் போன நேரம் டொலர் 200 இலிருந்து 360 வரை போய்விட்டது. விலையைக் கேட்டுவிட்டு இரண்டு தரம் வெறுங்கையோடு திரும்பினேன்.

மாரி இரண்டு தரம் அடித்தது. 2023 ஐப்பசி இடி ஒன்றில் கொட்டிலுக்குப் போன கேபிள் வழியாகப் பதிவுப் பெட்டியில் கேபிள் செருகும் இரண்டு போர்ட் எரிந்தன. அந்தக் கேபிள் மாமரத்தில் தொங்கிக்கொண்டு வெளியால் வந்தது, குற்றம் எங்களுடையதுதான். இப்போது அது நிலத்துக்கடியில் குழாய்க்குள் போகிறது. திடீரென்று பாய்கிற மின்சாரத்தைத் தடுக்க எர்த்தோடு சேர்ந்த சேர்ஜ் பாதுகாப்பும், பெட்டிக்கு முன்னால் கமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கத் தனி பி.ஓ.இ. சுவிட்சும் போட்டிருக்கிறேன். அடுத்த தரம் போனால் முதலில் சுவிட்ச் போகட்டும். நேரே விழுகிற இடிக்கு இவை ஒன்றும் செய்யா.

2024 கார்த்திகை வெள்ளத்தில் கமராக்கள் தப்பின, தண்ணீர், தூசி புகாத ஐபி67 தரம் என்றால் சும்மா இல்லை. செத்தது பக்கவாட்டுக் கமராவின் வால். கேபிளைப் பூட்டும் இடத்துக்கு ஒரு பிளாஸ்ரிக் மூடி கமராவோடு வரும். பெடியன் அதைப் பூட்டவில்லை. மூன்று வருடமாக அது லாச்சிக்குள் கிடந்தது. செருகியின் உலோக முனைகள் பச்சை பிடித்திருந்தன. வெட்டிப் புதுத் தலை போட்டு, மூடியைப் பூட்டினேன். பாசையூரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னம்மா வீட்டில் இதே பச்சை ஒரு வருடத்திலேயே வந்துவிட்டது.

விறாந்தைக் கமராவுக்கு மட்டும் அம்மா ஒருநாளும் சம்மதிக்கவில்லை. வெயிலில் முற்றம் கூட்டினால் ரொறன்ரோவிலிருந்து போன் வரும், "இந்த வெயிலுக்குள்ள என்னத்துக்கு அம்மா?" ஆரோடாவது கதைத்துக்கொண்டு இருந்தால், "ஆரது வந்தவை?" ஒருநாள் பார்த்தால் கமராவில் ஒரு பழைய சேலைத் துண்டு தொங்குகிறது. "காயப்போட்டனான்" என்றார். நான் எடுக்கவில்லை. அடுத்த கிழமை அந்தக் கமராவைக் கழற்றி, வெளிச்சுவரில் படலையைப் பார்க்கிற மாதிரிப் பூட்டினேன்.

அண்ணா இப்போது இன்னும் இரண்டு கமரா பூட்டச் சொல்லிக் கேட்கிறார், ஒன்று குசினி வாசலுக்காம். முதலில் மற்ற மூன்று கேபிளையும் செப்புக்கு மாற்றக் காசு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். குசினி வாசலை அம்மாவிடம் அவரே கேட்கட்டும்.