கோபியில் ஆறு வாரம்: அண்ணன் பேத்தியின் ஆறாவது விரல்

மெல்போர்னிலிருந்து கோபிக்கு (கோபிசெட்டிபாளையம்) பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு இந்த முறை ஆறு வாரம் வந்தேன். அதில் பாதி நாள் கோவைக்கும் ஊருக்கும் அலைந்ததில் போய்விட்டது. சொந்தத்தில் கட்டிய குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் பேத்திக்கு ஒன்றரை வயது. இரண்டு கையிலும் சுண்டுவிரலை ஒட்டி வெளிப்பக்கம் ஒரு விரல் கூடுதல். "ஆறு விரல் யோகமுங்க" என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. குளிப்பாட்டும்போதுதான் மற்றதையெல்லாம் கவனித்தேன். நகங்கள் சின்னச் சின்னதாக, மெல்லிசாக இருந்தன. சில விரல்களில் நகமே இல்லை. நெஞ்சு ஒடுக்கம். முழங்கைக்குக் கீழேயும் முழங்காலுக்குக் கீழேயும் ரொம்பக் குட்டை. பால் குடிக்கையில் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள், நெற்றி வியர்த்தது.

பிறந்த தனியார் ஆஸ்பத்திரியில் "விரலை அப்புறம் எடுத்துக்கலாம்" என்றதோடு சரி. இதயத்தைப் பார்க்கச் சொல்லவே இல்லை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கோவையில் குழந்தைகள் இதய மருத்துவர் எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுத்தார். இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய சுவர் அநேகமாக இல்லை. பிறகு அவர் விரலை, நகத்தை, ஈறோடு ஒட்டியிருந்த மேலுதட்டைப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார்: எல்லிஸ் வான் கிரெவெல்ட். 1940இல் இரண்டு மருத்துவர்கள் விவரித்த அரிய எலும்பு நோய். இது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறையும் இருக்குமாம். உறுதி செய்ய ஈவிசி, ஈவிசி2 என்ற இரண்டு மரபணுக்களைப் பார்க்க ரத்தம் எடுத்து அனுப்பினார்கள்.

மரபணு ஆலோசகரிடம் அண்ணன் கேட்டார்: "ஏனுங்க, நாங்க கூட்டம் விட்டுக் கூட்டந்தானுங்களே கட்டறோம்?" நியாயமான கேள்விதான். அந்தப் பெண் பொறுமையாக ஒரு தாளில் வரைந்து காட்டினார். கூட்டம், அதாவது எங்கள் பக்கத்துக் குலப்பிரிவு, அப்பன் வழியில் மட்டும் வருவது. மரபணு இரண்டு வழியிலும் வரும். அண்ணன் பையன் கட்டியிருப்பது மாமன் மகளை. அவனுக்கு அப்பச்சி (அம்மாவின் அப்பா), அவளுக்கு அப்பாரு (அப்பாவின் அப்பா), ஆள் ஒருவர்தானே! அவர் வழியாக மரபணுவின் பழுதான பிரதி ஒன்று இருவருக்கும் வந்திருந்தால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இருவரின் பழுதான பிரதியும் குழந்தைக்குச் சேர்ந்தால்தான் நோய். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு.

இதய ஆபரேஷன் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்: குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. பையன் தறி ஓட்டுகிறவன். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்கு இரண்டு நடை, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீசுக்கு ஒரு நடை. கலெக்டர் ஆபீசில் வேலை சீக்கிரம் முடிந்தது. நெஞ்சு ஒடுக்கமாக இருப்பதால் மயக்க மருத்துவர் தனியாகப் பார்த்த பிறகே ஆபரேஷன் தேதி தருவார்கள்.

அன்று ஆலோசகரிடமிருந்து கிளம்புகிற சமயத்தில் குழந்தையின் அம்மா மெதுவாகக் கேட்டாள்: "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தேனுங்க, அதனாலயா?" ஒன்றரை வருடமாக அந்தப் பேச்சைச் சுமந்திருக்கிறாள். ஆலோசகர், "இல்லம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் அண்ணிக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னார்.