பழைய கம்பெனியின் நோட்டீஸும் பதில் எழுதித் தந்த வக்கீலும்: ஐந்துக்கு நான்கு

பழைய கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்தபோது நான் புது வேலையில் சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. ஆய்வகக் கருவி விற்பனை. விலகி 12 மாதம் வரை போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது, வாடிக்கையாளர்களை இழுக்கக் கூடாது என்ற ஷரத்தை நான் மீறிவிட்டேனாம். கூடவே வைத்திருந்த உறுதிமொழியில் 7 நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் தடையாணை, நஷ்ட ஈடு.

அன்று இரவே மூன்று பக்கத்துக்குப் பதில் தட்டிவிட்டேன். எட்டு வருட உழைப்பு, வராத போனஸ், மேலாளர் பேசிய பேச்சு எல்லாம் அதில் இருந்தது. நல்லவேளை, அனுப்பவில்லை. மறுநாள் வேலை ஒப்பந்தத் தகராறுகளை மட்டும் பார்க்கும் ஒரு வக்கீல் அம்மாவிடம் போனேன்.

என் கதையை அவர் கேட்கவே இல்லை. "நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் எங்கே?" என்றார். நோட்டீஸ் சொன்னது பதவி உயர்வின்போது வந்த திருத்திய ஒப்பந்தத்தை. அதன் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இல்லை. பழைய நியமனக் கடிதத்திலோ 6 மாதத் தடைதான், அதுவும் வாடிக்கையாளரைத் தேடிப் போவதற்கு மட்டும். "இது ஒன்றே ஜெயிக்க வைக்காது, ஆனால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்" என்றார். அலமாரியில் கிடந்த அந்தக் கடிதத்தை நான் அன்றுதான் முழுசாகப் படித்தேன்.

போனிலுள்ள பழைய எண்களை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். அழித்தால், மறைக்க ஏதோ இருந்தது என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி." அப்புறம் அழைப்புப் பதிவை வரிவரியாகப் பார்க்க வைத்தார். நோட்டீஸில் இருந்த இரண்டு வாடிக்கையாளரில் ஒருவர் தானாகவே என்னைக் கூப்பிட்டவர். இன்னொருவருக்கு நான்தான் முதலில், "புது இடத்தில் சேர்ந்துவிட்டேன், பேசலாம்" என்று செய்தி அனுப்பியிருந்தேன். கூச்சத்தோடு சொன்னேன். முகம் சுளிக்காமல் குறித்துக்கொண்டார்.

இந்தத் தடை செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு மாறுமாம். இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது என்கிறது. இங்கிலாந்தில் தடை நியாயமான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1894-ல் நார்டன்ஃபெல்ட் என்ற பீரங்கி வியாபாரிக்கு உலகம் முழுக்க 25 வருடத் தடையையே அங்கே ஏற்றுக்கொண்டார்களாம்! ஆனால் அவர் தொழிலையே விற்றுப் பணம் வாங்கியவர், என்னைப் போல மாதச் சம்பளக்காரர் இல்லை.

என் மூன்று பக்கம் நான்கு பத்தியானது. போனஸ் போயிற்று, மேலாளரும் போனார். அவர்கள் அனுப்பிய உறுதிமொழியில் நான் கையெழுத்துப் போடவில்லை. பதிலுக்கு, ரகசியத் தகவல் எதையும் எடுத்துவரவில்லை என்றும், நான் செய்தி அனுப்பிய அந்த ஒருவரிடம் 6 மாதம் முடியும்வரை வியாபாரம் பேச மாட்டேன் என்றும் வக்கீல் எழுதினார். செய்தி அனுப்பியதை மறுக்கவே இல்லை. மூன்று வாரம் கழித்து, அதை ஏற்பதாக இரண்டு வரி வந்தது.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது? பதில் கடைசி நாள் மாலைதான் போனது, அதுவரை எனக்குத் தூக்கமில்லை. பில்லோ ஆறு நிமிடக் கணக்கு, எவ்வளவு சின்ன வேலையானாலும் குறைந்தது ஆறு நிமிடத்துக்குக் கட்டணம். "சரி, நன்றி" என்று நான் அனுப்பிய மின்னஞ்சலைப் படித்ததற்கும் ஆறு நிமிடம் போட்டிருந்தார்கள்.