ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கமா, தர்பார் பதக்கமா? ஆன்லைனில் வாங்குகிறவருக்கு

பழைய நினைவுப் பதக்கம் ஒன்று வாங்க வேண்டும் என்று இறங்கியபோது இரண்டு என் கண்ணில் நின்றன. ஒன்று, 1799 மே 4 அன்று திப்பு சுல்தானின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததைக் கொண்டாடக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தது. மற்றது, ஜார்ஜ் மன்னர் முடிசூடியதைக் கொண்டாட 1911 டிசம்பர் 12 அன்று கூடிய டெல்லி தர்பாருக்கான வெள்ளிப் பதக்கம். இரண்டும் ஆன்லைனில் அடிக்கடி வரும், இரண்டிலும் போலி உண்டு. முதலாவதை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன். இப்போது என் அலமாரியில் இருப்பது இரண்டாவது. ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அழகில் போட்டியே இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்தில் சிங்கம் ஒன்று புலியைக் கீழே தள்ளி அமுக்குகிறது. புலி, திப்புவின் சின்னம். மேலே பறக்கும் கொடியில் அரபி எழுத்து. பின்பக்கம் கோட்டைக்குள் படை ஏறும் காட்சி, அடியில் பாரசீக வரி. அச்சு செதுக்கியவர் குஷ்லர், அடித்தது பர்மிங்காம் அருகே இருந்த சோஹோ நாணயச்சாலை. மெட்ராஸ் படைச் சிப்பாய்களுக்கும் போன பதக்கம் என்பதால் நமக்கு ஒரு ஒட்டுதல் வேறு. தர்பார் பதக்கத்தில் ஜார்ஜ் மன்னர், மேரி ராணி தலைகள், சுற்றிலும் ரோஜா வளையம், பின்னால் முழுக்கப் பாரசீகம். அவ்வளவுதான். விலையும் பின்னதுதான் குறைவு.

ஆனால் ஆன்லைனில் வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: விற்பவருக்குச் சாக்குச் சொல்ல எவ்வளவு இடம் இருக்கிறது?

நான் ஏமாந்த கதையே போதும். விளம்பரத்தில் வெண்கலம் என்று போட்டிருந்தது, 'தாத்தா காலத்துச் சொத்து' என்றும். சிவப்பு வெல்வெட் துணிமேல் வைத்து எடுத்த மூன்று படங்கள். ஒன்றில்கூட விளிம்பு தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வந்ததும் வெர்னியர் வைத்து அளந்தேன். 47 மில்லிமீட்டர். சோஹோ பதக்கம் 48 இருக்க வேண்டும். போன் போட்டால், "சார், அது கல்கத்தா அச்சு, சைஸ் சின்னதாத்தான் இருக்கும்" என்றார். கல்கத்தா நாணயச்சாலையில் அடித்த வகை ஒன்று இருப்பது உண்மைதான். அது 45 மில்லிமீட்டர், அதுவும் தங்கத்திலும் வெள்ளியிலும் மட்டும். என் கையில் இருந்தது எந்த நாணயச்சாலையிலும் பிறக்காத அளவு.

அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே போயிற்று? அசல் பதக்கத்தின் மேல் அச்சு எடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றினால், ஆறும்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சுருங்கும். 48-க்கு ஏறக்குறைய ஒன்று. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மீதியும் தெரிந்துவிட்டது. கூர்மையாக இருக்க வேண்டிய செதுக்கியவரின் முதலெழுத்துகள் கரைந்த சோப்பு மாதிரி மூன்று மேடாக நின்றன. உருவம் இல்லாத வெறும் பரப்பில் ஊசி முனையளவு குழிகள். விளிம்பைச் சுற்றி வார்ப்பின் இரு பாதிகள் சேர்ந்த கோடு, அதன்மேல் அரம் தேய்த்த தடம்.

இந்தப் பதக்கத்தில் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கும். உலோகம் ஐந்து வகை: தங்கம், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், சிப்பாய்க்கு வெள்ளீயம். தொங்கவிடும் வளையம் கம்பெனி தரவில்லை, பெற்றவர்களே தங்களுக்குப் பிடித்தபடி மாட்டிக்கொண்டார்கள். வளையம் விசித்திரமாக இருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. பெயரும் பொறிக்கவில்லை. கல்கத்தா அச்சை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அதை நேரில் பலமுறை பார்த்தவருக்கு இந்தக் குழப்பம் குறைவாக இருக்கலாம்.

தர்பார் பதக்கத்தில் இந்த இடமெல்லாம் கிடையாது. தங்கத்தில் அடித்த சிலவற்றை விட்டுவிட்டால் உலோகம் வெள்ளி, குறுக்களவு 38.5 மில்லிமீட்டர். அளவு தப்பினால் பேச்சே வேண்டாம். ரிப்பனை மட்டும் நம்பாதீர்கள், மீட்டர் கணக்கில் புதிதாகக் கிடைக்கிறது.

வெள்ளிதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ரிப்பனைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி அடி தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவதைக் கொண்டு முதல் எடையை வகுத்தால் 10.3 பக்கம் வர வேண்டும், அதே கன அளவுத் தண்ணீரைவிட வெள்ளி அத்தனை மடங்கு கனம். வெள்ளைப் பித்தளை என்றால் ஒன்பதைத் தாண்டாது. குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும், ஒரு தட்டுத் தட்டுங்கள்.

நிஜ வெள்ளியிலேயே அச்சடித்த நகல் என்றால் இந்தச் சோதனை பிடிக்காது. ஆனால் இந்த விலைக்கு அவ்வளவு வெள்ளியும் அச்சுக்கூலியும் போட்டால் போலிக்காரருக்குக் கட்டுப்படியாகாது என்பது என் கணக்கு. எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: நம் வீடுகளில் வெள்ளியென்றால் விபூதி போட்டுத் தேய்ப்போம். அப்படி வருஷக்கணக்கில் தேய்ந்த அசலும் வார்ப்பு மாதிரி மழுங்கித் தெரியும். அதைப் படத்தை வைத்துத் தள்ளிவிடாமல் எடையைக் கேளுங்கள். விளிம்பில் யாராவது பெயர் பொறித்து, அதற்காகக் கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள். தர்பார் பதக்கம் பெயரில்லாமல்தான் வழங்கப்பட்டது. பெயர் பிறகு யாரோ பொறித்தது, நேற்றும் பொறித்திருக்கலாம்.

திரும்ப விற்பதில் இரண்டுக்கும் ஒரே தடை. நூறு வருஷம் தாண்டியதால் 1972-ஆம் வருஷத்து தொல்பொருள் சட்டத்துக்குள் இரண்டும் வரும். வெளிநாட்டுக்காரர் நல்ல விலை கேட்கிறார் என்று நீங்களாகத் தபாலில் அனுப்ப முடியாது. (ராமர் பட்டாபிஷேகமும் 1818-ம் போட்ட 'கம்பெனி நாணயம்', அரிசியை இழுக்கும் என்று விற்கிறார்களே, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். கம்பெனி அதை அடிக்கவே இல்லை.)

இரண்டாவது தடவை உஷாராக, மூன்று பேரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: பதக்கத்தை ஸ்கேல் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து விளிம்பை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர், "நம்பிக்கை இல்லாட்டி விடுங்க சார்" என்றார். மூன்றாமவர் பத்து நிமிஷத்தில் நாலு படம் அனுப்பினார், ஒன்றில் அவர் கட்டைவிரல் பாதி விளிம்பை மறைத்திருந்தது. அவரிடம்தான் வாங்கினேன். தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், 10.2 வந்தது.